எய்த மீனை விடுவிக்க முடியாது: அயர்லாந்துக் கரையில் ஈட்டி மீன்பிடிப்பு

அயர்லாந்தைச் சூழ்ந்த கடலில் தூண்டில் போட உரிமம் எதுவும் வேண்டியதில்லை. சால்மனுக்கும் கடல் டிரௌட்டுக்கும் மட்டும் உரிமம் கேட்கிறார்கள். மற்ற மீன்களுக்குக் கரைப்பாறையில் நின்றோ சிறு படகில் போயோ எவரும் தூண்டில் வீசலாம். அந்நாட்டின் பொழுதுபோக்கு மீன்பிடிப்பு என்றாலே இந்தத் தூண்டில்காரர்கள்தாம் நினைவுக்கு வருவார்கள். அதே பாறைகளின் அடியில், கையில் ஈட்டித் துப்பாக்கியுடன், மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கும் ஒரு சிறு கூட்டமும் உண்டு. டொனிகால், மேயோ, கிளேர், கெர்ரி, கார்க் என்று அட்லாண்டிக்கை நோக்கியிருக்கும் மேற்கு, தெற்குக் கரைகளே இவர்களுடைய களம்.

இந்த வேட்டையின் வடிவத்தை முடிவுசெய்வது, துப்பாக்கியைவிடவும், ஐரோப்பியச் சட்டத்தின் ஒரு விதிவிலக்குதான். மீன்வளத் தொழில்நுட்ப நடவடிக்கைகள் குறித்த 2019-ஆம் ஆண்டின் 1241-ஆம் எண் ஒழுங்குமுறை, நஞ்சு, வெடி போன்றவற்றோடு சேர்த்து, மீன்மேல் எய்யப்படும் கருவிகளையும் பொதுவாகத் தடைசெய்துவிட்டு, பொழுதுபோக்கு மீன்பிடிப்பில் பயன்படும் கை ஈட்டியையும் ஈட்டித் துப்பாக்கியையும் இரண்டு நிபந்தனைகளோடு விட்டுவைக்கிறது: காற்று உருளை முதுகில் இருக்கக் கூடாது, விடியலுக்கும் அந்திக்கும் இடையில் மட்டுமே எய்யலாம். இரவில் பல மீன்கள் பாறையிடுக்கில் அசையாமல் கிடக்கும்; விளக்கோடு போனால் வேட்டைக்கு வேலையே இருக்காது. காற்று உருளை இருந்தால் 30 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் நின்று பொறுமையாகப் பொறுக்கியெடுக்கலாம். இவ்விரண்டு வழிகளையும் அடைத்துவிட்டபின், ஒருவருடைய நுரையீரல் எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவுதான் வேட்டை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டுச் சட்டம், பொழுதுபோக்காகப் பிடித்த மீனை விற்பதையும் தடுக்கிறது. பிடித்ததைச் சமைத்து உண்ணலாம், அண்டைவீட்டாருக்குக் கொடுக்கலாம், சந்தைக்குக் கொண்டுபோக முடியாது.

மூச்சின் அளவு ஆழத்தின் அளவாகிறது. பெரும்பாலோர் வேட்டையாடுவது ஏறத்தாழ 3 மீட்டரிலிருந்து 12 மீட்டர் வரையிலான பட்டையில்தான். அயர்லாந்தின் பாறைக் கரைகளில் கெல்ப் எனப்படும் பெரும்பாசி காடாக வளரும் பட்டையும் அதுவே. ஆள் உயரத்துக்குத் தடித்த காம்பும், அதன் உச்சியில் விரல்களாகப் பிளந்த தோல்போன்ற இலையுமாக நிற்கும் இப்பாசிக்குள் ராஸ், போலாக், கடல் விலாங்கு ஆகிய மீன்கள் வாழ்கின்றன. மேலே கானாங்கெளுத்தி திரள்கிறது. கழிமுகங்களின் ஓரத்தில் மடவை மேய்கிறது. பாறை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் தட்டைமீன்கள் படுத்திருக்கின்றன. அலை மேலே புரளும்போது காடு முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் திரும்பும். அதனோடு மூழ்குபவரும் சாய்ந்து திரும்ப வேண்டும். எதிர்த்து நீந்தினால் ஒரு நிமிடத்து மூச்சு இருபது நொடியில் தீர்ந்துவிடும்.

போலாக் வேட்டையைச் சற்று அருகில் நின்று பார்க்கலாம். ஆள் மேற்பரப்பில் அசையாமல் மிதந்து மூச்சைச் சீராக்கிக்கொள்கிறார். பிறகு இடுப்பை மடித்துத் தலைகீழாக இறங்குகிறார். துடுப்புச் செருப்பு நீரை அறையும் ஒலி கேட்டால் மீன் விலகிவிடும் என்பதால், கால்கள் முழுதும் நீருக்குள் போன பிறகே உதைக்கத் தொடங்குகிறார். அடியில் கெல்ப் காட்டின் விளிம்பில், வெளியே நீலமாகத் திறந்திருக்கும் பக்கத்தைப் பார்த்தபடி, பாசிக் காம்புகளுக்கு நடுவே படுத்துக்கொள்கிறார். இனி அவர் எதையும் துரத்துவதில்லை. விரல் நகத்தால் பாறையை இரண்டுமுறை சுரண்டுகிறார்; அல்லது ஒரு பிடி மணலை எடுத்து மெல்ல விடுகிறார். போலாக் இயல்பில் துருதுருத்த மீன். என்னவென்று பார்க்கக் கூட்டத்திலிருந்து ஒன்று பிரிந்து வரும், இரண்டு மீட்டர் தொலைவில் நின்று பக்கவாட்டில் திரும்பும். எய்வதற்கான கணம் அது. தலைக்குப் பின்னால் முதுகெலும்பில் பட்டால் மீன் துடிப்பதே இல்லை. வயிற்றில் பட்டால் கிழித்துக்கொண்டு பாசிக்குள் ஓடிச் செத்துப்போகும், யாருக்கும் பயன்படாது. எய்யாமலே மேலே வந்துவிடும் இறக்கங்கள்தாம் மிகுதி.

இம்முறையை ஆதரிப்பவர்கள் முன்வைக்கும் முதல் வாதம், இது தேர்ந்தெடுத்துக் கொல்லும் முறை என்பது. வலைக்கு எது சிக்கும் என்று தெரியாது. தூண்டிலை எது கவ்வும் என்றும் சொல்ல முடியாது. ஈட்டிக்காரரோ மீனின் இனத்தையும் அளவையும் கண்ணால் கண்ட பிறகே விசையை அழுத்துகிறார். இந்த வாதம் உண்மைதான், ஆனால் பாதி உண்மை என்பது என் கருத்து. முதலில், கண் பொய் சொல்கிறது. முகமூடிக் கண்ணாடியின் வழியே நீருக்குள் பார்க்கும்போது ஒளிவிலகலால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால் பங்கு அருகிலும் தெரிகின்றன. போலாக்குக்கு ஐரோப்பிய விதி வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 30 சென்டிமீட்டர். நீருக்குள் 40 சென்டிமீட்டராகத் தெரியும் மீனின் உண்மை நீளம் அந்த 30-தான். 36-ஆகத் தெரிவது 27. பழகிய கண் இதைத் தானே கழித்துக்கொள்கிறது. பழகாதவர் கரையேறிய பிறகுதான் அளவுகோலைப் பார்க்கிறார். துப்பாக்கித் தண்டிலேயே அளவுக் கோடுகள் போட்டு வைப்பது இதற்காகத்தான்: தண்டும் மீனும் ஒரே நீருக்குள், ஒரே தொலைவில் இருந்தால், இரண்டும் ஒரே அளவுக்குப் பெரிதாகத் தெரியும்.

அடுத்தது இன்னும் கனமான செய்தி. தூண்டில்காரர் தவறான மீனைத் தூக்கினால் கொக்கியைக் கழற்றித் திருப்பி விடலாம். அதுவும் எப்போதும் பிழைக்காது. ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுக்கப்பட்ட போலாக்கின் காற்றுப்பை வீங்கிவிடுவதால், விட்டாலும் பல சாகின்றன. ஆயினும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. எய்த மீனுக்கு அந்த வாய்ப்பே இல்லை. ஆகவே தேர்வு சரியாக இருந்தால் இதைவிடத் தூய்மையான மீன்பிடிப்பு இல்லை. தேர்வு பிழையானால் அதைத் திருத்த வழியும் இல்லை.

மனிதக் கண் எதைத் தேர்ந்தெடுக்கும்? பெரியதைத்தான். இங்கேதான் ராஸ் மீனின் கதை வருகிறது. பாலன் ராஸ் என்பது தடித்த உதடும், பச்சை, பழுப்பு, செங்கல் நிறங்களில் புள்ளியிட்ட உடலும் கொண்ட பாறை மீன். இவ்வினத்தில் எல்லா மீனும் பெண்ணாகவே பிறக்கிறது. முதிர்ச்சிக்கே சில ஆண்டுகள் ஆகின்றன. அதற்கும் பல ஆண்டுகள் கழித்து, சில மட்டுமே ஆணாக மாறுகின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. தன் பாறையைவிட்டு வெகுதூரம் போவதில்லை. ஆண் மீன், பாசியால் கட்டிய கூட்டில் முட்டைகளைக் காவல் காக்கிறது. ஒரு பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், கண்ணில்படும் மிகப் பெரிய ராஸ் ஆணாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. அதை எடுத்தவர் ஒரு மீனை எடுத்ததாகத்தான் நினைப்பார். உண்மையில் அந்தப் பாரின் இனப்பெருக்கத்தில் ஓர் ஆண்டைக் குலைத்துவிட்டிருக்கலாம். போதாததற்கு, இது எளிதில் எய்யப்படும் மீனும்கூட. ஓடி ஒளியாமல், வந்தவர் யார் என்று திரும்பி நின்று பார்க்கும். புதிதாக இறங்குபவர்களின் முதல் மீன் பெரும்பாலும் ராஸாக இருப்பதும், அனுபவசாலிகள் அதைத் தொடாமல் விடுவதும் இதனால்தான்.

மேற்குக் கரையில் ராஸ் ஒரு காலத்தில் ஏழைகளின் உணவாகவே இருந்தது. அரன் தீவுகளிலும் கானமாராவிலும் பாறைமேல் நின்று கைத்தூண்டிலில் பிடித்து, உப்பிட்டு உலர்த்திக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொண்டார்கள். நம் கரைகளில் கருவாடு போடுவதைப் போன்ற வேலைதான். இன்று அதை உண்பவர் குறைவு. ஆனால் அதற்கு வேறொரு கிராக்கி வந்துவிட்டது. சால்மன் பண்ணைகளில் மீனின் தோலில் ஒட்டும் கடற்பேன்களைத் தின்னவிடுவதற்காக ராஸ்களைக் கூடுவைத்து உயிரோடு பிடித்துக் கொண்டுபோகிறார்கள். அந்தப் பிடிப்போடு ஒப்பிட்டால் ஈட்டிக்காரர்கள் எடுப்பது சிறிதுதான். எனினும் பண்ணைக்குப் பிடிப்பவர் நடுத்தர அளவு மீனைத் தேடுகிறார். ஈட்டி உச்சியில் இருப்பதைத் தேடுகிறது. ஒரே பாரில் இரண்டும் சேர்ந்தால் எஞ்சுவது குஞ்சுகள்தான்.

கடல் விலாங்கின் நிலையும் இதைப் போன்றதே, இன்னும் கூர்மையானது. பல ஆண்டுகள் பாறைப் பொந்துகளிலும் மூழ்கிய கப்பல்களிலும் வளர்ந்து, ஆள் நீளத்துக்குப் பெருத்து, கடைசியில் ஆழ்கடலுக்குப் போய் ஒரே ஒருமுறை முட்டையிட்டுவிட்டு அது இறந்துபோகிறது. கரையோரத்தில் எய்யப்படும் ஒவ்வொரு பெரிய விலாங்கும் இன்னும் முட்டையிடாதது.

போலாக் இதுவரை தாராளமாகக் கிடைக்கும் மீன் என்றே கருதப்பட்டு வந்தது. அந்த எண்ணம் 2023-இல் உடைந்தது. கடல்வள ஆய்வுக்கான சர்வதேச மன்றமான ஐசிஇஎஸ், அயர்லாந்தைச் சூழ்ந்த 6, 7-ஆம் கடற்பகுதிகளின் போலாக் இருப்பு மிகவும் தாழ்ந்துவிட்டதால் 2024-இல் பிடிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று அறிவுரை சொன்னது. அதன்படி வணிகப் படகுகளுக்கு, வேறு மீனுக்குப் போட்ட வலையில் தற்செயலாக விழுவதற்கு மட்டும் ஒதுக்கீடு தரப்பட்டது. இருப்பைக் குறைத்தவர்கள் ஈட்டிக்காரர்கள் அல்லர். ஆனால் படகுகள் விட்டுக்கொடுத்த பிறகு எஞ்சிய பிடிப்பில் பொழுதுபோக்குக்காரர்களின் பங்கு பெரிதாகத் தெரியத்தானே செய்யும்?

பாஸ் மீனைப் பொறுத்தவரை அயர்லாந்து வெகு முன்பே கடுமை காட்டிவிட்டது. மெதுவாக வளரும் இந்த மீனை வணிகத்துக்காகப் பிடிப்பதற்கு 1990-இலேயே அங்கே தடை வந்தது. இன்று குறைந்தபட்ச அளவு 42 சென்டிமீட்டர். நாளொன்றுக்கு எத்தனை, எந்த மாதங்களில் என்பவற்றை ஒன்றியம் ஆண்டுதோறும் வகுக்கிறது. பிடித்து விடுவித்தல் மட்டுமே அனுமதிக்கப்படும் காலத்தில், விடுவிக்க முடியாத கருவியான ஈட்டிக்கு இடமே கிடையாது. நடப்பு ஆண்டின் ஆணையைப் படிக்காமல் பாஸ்மீது குறிவைப்பவர் சட்டத்தோடு சூதாடுகிறார். சிங்கி இறாலையும் அதன் உறவான க்ரேஃபிஷையும் மூழ்கிப்போய் எடுப்பது தடை. பாறைப் பொந்தில் கைக்கெட்டும் தூரத்தில் மீசை அசைந்தாலும் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். கெர்ரி மாவட்டத்தின் டிரலீ விரிகுடாவில் மணல் தரையில் தட்டைமீன் தேடுபவர்களுக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். உலகளவில் அழிவின் விளிம்பில் நிற்கும் தேவதைச் சுறா எஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களில் அந்த விரிகுடாவும் ஒன்று. அது சுறாவாக இருந்தும் தட்டையான உடலோடு மணலுக்குள் பாதி புதைந்து படுத்திருக்கும்; கலங்கிய நீரில் பெரிய தட்டைமீன் என்றே தோன்றும்.

கலங்கல் என்பது அங்கே பருவத்தின் சங்கதி. பிப்ரவரி, மார்ச்சில் நீர் மிகக் குளிர்ந்து 8 முதல் 10 பாகைக்கு இறங்கும்; ஆகஸ்டில் 15, 16 பாகை வரும். இடையில் ஏப்ரலும் மே மாதமும் வெயிலேறியதும் மிதவை நுண்பாசிகள் பெருகி நீரைப் பச்சையாக்கிவிடுகின்றன. நீட்டிய கையின் விரல்கூடத் தெரியாத நாள்களும் உண்டு. ஜூலை முதல் அக்டோபர் வரைதான் நல்ல தெளிவு. அப்போதும் அட்லாண்டிக்கின் நீளலை ஆயிரம் மைலுக்கு அப்பால் அடித்த புயலின் செய்தியைக் கொண்டுவந்து பாறையில் மோதும். மேற்குக் கரையில் இறங்குபவர்கள் சில நாள் தொடர்ந்து கிழக்குக் காற்று வீசக் காத்திருப்பார்கள். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் அந்தக் காற்றே அலையைப் படியவைக்கும். பெரு ஓத நாள்களில் நீர்மட்ட வேறுபாடு மேற்கில் 4 மீட்டரைத் தாண்டுவதால், தீவுகளுக்கு நடுவிலான ஒடுங்கிய கால்வாய்களில் நீரோட்டம் ஆற்றைப்போல் ஓடும். அங்கே ஓதம் நிற்கும் சிறு இடைவெளியில் மட்டுமே இறங்க முடியும்.

வேட்டைக்காரர் வெறுக்கும் அந்த வசந்தகாலப் பச்சை நீர்தான் வேறொன்றின் விருந்து. மிதவை உயிரிகளை வடித்துத் தின்னும் பாஸ்கிங் சுறா, உலகின் இரண்டாவது பெரிய மீன், 10 மீட்டர் நீளம் வரை வளரக்கூடியது. ஏப்ரல், மே மாதங்களில் மாலின் முனை, அகில் தீவு, லூப் முனை ஆகிய கரைகளுக்கு அருகே வாயை அகலத் திறந்துகொண்டு மெதுவாக நீந்தும். மேயோ மாவட்டத்தின் அகில் தீவில் இருக்கும் கீம் விரிகுடாவில் 1947 முதல் 1975 வரை இச்சுறாவைக் கொன்று எடுக்கும் தொழிலே நடந்தது. கரையிலிருந்து குறுக்காக வலை கட்டி, அதில் சிக்கிய சுறாவைக் கர்ராக் எனும் தார்பூசிய துணிப்படகில் நெருங்கி, நீண்ட கைப்பிடி ஈட்டியால் கழுத்துக்குப் பின்னால் குத்துவார்கள். ஈரல் எண்ணெய்க்காகப் பர்ட்டீன் துறைக்கு இழுத்துப்போவார்கள். அந்த ஆண்டுகளில் 12,000-க்கு மேற்பட்ட சுறாக்கள் அந்த ஓர் இடத்தில் மட்டும் கொல்லப்பட்டன. 1950-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் விழுந்த கணக்கு சில ஆண்டுகளிலேயே சரிந்தது. பிறகு தொழில் நலிந்து நின்றுபோனது. 2022 அக்டோபரில்தான் அயர்லாந்தின் காட்டுயிர்ச் சட்டம் இச்சுறாவுக்குப் பாதுகாப்பு தந்தது. இன்று அதை வேட்டையாடுவதும், அறிந்தே தொந்தரவு செய்வதும்கூடக் குற்றம். ஆகவே பச்சை நீரிலிருந்து அந்தப் பெருவாய் வெளிப்பட்டால் ஈட்டிக்காரர் செய்யக்கூடியது துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு ஒதுங்கி நிற்பதே.

மற்றச் சந்திப்புகள் இவ்வளவு அரியவை அல்ல. சாம்பல் சீல்கள் மேற்குத் தீவுகளில் எங்கும் உண்டு. முதிர்ந்த ஆண் 300 கிலோ வரை கனக்கும். எய்த மீனின் குருதி வாசனையும் துடிப்பும் அவற்றை அழைத்துவிடும். துடுப்புச் செருப்பை மெல்லக் கடித்து இழுத்துப் பார்ப்பதும், கோத்து வைத்த மீனை உருவிக்கொண்டு போவதும் அவற்றின் வழக்கம். மீனை இடுப்பில் கட்டித் தொங்கவிடாமல் பின்னால் இழுத்துவரும் மிதவையில் வைப்பது இதற்காகத்தான். கிளேர் கரையில் டஸ்டி என்று பெயரிடப்பட்ட தனித்த டால்ஃபின் 2013-இல் நீந்துபவர்கள் சிலரைக் காயப்படுத்தியது நினைவிருக்கலாம். டால்ஃபின் சிரித்த முகம் காட்டினாலும் காட்டு விலங்குதான்.

உண்மையான தொல்லை சொறி எனப்படும் ஜெல்லிமீன்களால் வருகிறது. அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான ஐரிஷ் கடல் பக்கம் மிகுதியாகக் காணப்படும் சிங்கப்பிடரிச் சொறியின் இழைகள் பல மீட்டர் நீளும். 7 மில்லிமீட்டர் ரப்பர் உடை மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுவதால் கொட்டு உதட்டிலும் கன்னத்திலும்தான் விழும். கடல்நீரால் கழுவிப் பனிக்கட்டி வைப்பதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. கால்வே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு, அது நஞ்சை மேலும் பரப்புகிறது என்று காட்டியது. காடியால் (வினிகரால்) கழுவி, 45 பாகை வெந்நீரிலோ சூட்டுப் பொதியிலோ 40 நிமிடம் வைப்பதே இப்போது சொல்லப்படும் மருத்துவம்.

சொறியைவிட, சீலைவிட, அலையைவிடவும் பெரிய ஆபத்து மூழ்குபவரின் உடலுக்குள்ளேயே இருக்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இருமடங்கு. நுரையீரலில் மிச்சமிருக்கும் கொஞ்ச ஆக்சிஜனும் அந்த அழுத்தத்தால் குருதிக்குள் தள்ளப்பட்டு, மூளை தெளிவாகவே இருக்கும். மேலே ஏறும்போது அழுத்தம் குறையக் குறைய அந்தத் தள்ளலும் குறைகிறது. கடைசி சில மீட்டரில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்புகிறது. இறங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு விடுபவருக்கு இது இன்னும் எளிதில் நேரும்; மூச்சு வேண்டும் என்று உடலைத் துடிக்கவைக்கும் கரியமில வாயுவை அவர் முன்கூட்டியே வெளியேற்றிவிடுகிறார். நல்ல மீன் ஒன்று பாசிக்குள் சிக்கிக்கொண்டு, அதை விடுவிக்க இன்னும் ஐந்து நொடி போதும் என்று தோன்றும் கணத்தில்தான் பலர் எல்லையைத் தாண்டுகிறார்கள். ஒருவர் இறங்கினால் மற்றவர் மேலே நின்று பார்க்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் இறங்கக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் எவரும் விட்டுக்கொடுப்பதில்லை, அல்லது விட்டுக்கொடுக்கக் கூடாது. படகுகளுக்குத் தெரியும்படி கொடியிட்ட மிதவையும், கரையில் நேரம் சொல்லிவைத்த ஒருவரும், 112-க்கு அழைத்தால் கடலோரக் காவற்படை வரும் என்ற அறிவும் அதற்கு அடுத்த நிலையில் வருபவை.

உரிமம் தேவைப்படாத வேட்டைக்கு ஒரு விளைவு உண்டு: எத்தனை பேர் இறங்குகிறார்கள், எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதற்குப் பதிவேடு கிடையாது. பாரில் மீன் குறைந்தால் தூண்டில்காரர் ஈட்டிக்காரரைக் குறை சொல்வதும், ஈட்டிக்காரர் வலைக்காரரைக் கைகாட்டுவதும் நடப்பது, யாரிடமும் எண் இல்லாததால்தான். 2023-இல் திருத்தப்பட்ட ஐரோப்பியக் கட்டுப்பாட்டுச் சட்டம் இதை ஓரளவு மாற்ற முனைகிறது. ஒன்றியத்தின் காப்பு நடவடிக்கைகளுக்கு உட்பட்ட சில இனங்களைப் பொழுதுபோக்குக்காகப் பிடிப்பவர்கள் 2026 ஜனவரி முதல் பதிவுசெய்துகொண்டு பிடிப்பைத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. பாஸைப் பற்றிய சண்டைகளுக்கு இனி ஏதேனும் ஓர் எண் கிடைக்கலாம். ஆனால் ஒன்றியம் எந்தப் பிடிப்பு ஒதுக்கீடும் வகுக்காத ராஸ் இத்தகைய கணக்குக்கு வெளியேதான் நிற்கிறது. ஒரு பாரில் எத்தனை பெரிய ராஸ் இருந்தன, எத்தனை எடுக்கப்பட்டன என்பது இப்போதைக்கு, அங்கே மறுபடி மறுபடி இறங்கும் ஈட்டிக்காரர்கள் தாமாக எழுதிவைத்தால்தான் தெரியும்.